கை முறிந்ததை இதய டாக்டரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

கேள்வி: எனக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பிரஷருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் வீட்டுக்குள் கால் இடறி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இதை இதய டாக்டரிடமும் சொல்லச் சொல்கிறாள் மகள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்? கால்சியம் மாத்திரை இதயத்துக்கு ஆகாது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால், விழுந்த விதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது, எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுகிறது. பழைய எலும்பு கரைகிற வேகத்துக்குப் புது எலும்பு உருவாவதில்லை, அதே காலத்தில்தான் கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறுகிறது, ரத்தக்குழாய்களும் விறைக்கத் தொடங்குகின்றன. சர்க்கரை நோய், புகைப் பழக்கம், உடம்பை அசைக்காமல் இருப்பது எல்லாமே இதயம், எலும்பு இரண்டையும் கெடுக்கும். முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்கு முதுகெலும்பு வெண்மை குறைந்து மங்கலாகத் தெரியும், அதற்கு முன்னால் இறங்கும் மகாதமனியின் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய்) சுவரிலோ கால்சியம் படிந்து வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் எலும்பு முறிவும் கூடுதலாக வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவருகிறது என்று இதற்கு அர்த்தமில்லை, ஆனால் ஒன்று இருந்தால் மற்றதைத் தேடிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

விழுவதற்கு முன் தலை சுற்றியதா என்று யோசித்துப் பாருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற சிலருக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். அப்படி இருந்தால் டாக்டர் அளவை மாற்றுவார், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் பெரிய ஆபத்து.

அடுத்து, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் வரும் டி-ஸ்கோர், அதாவது உங்கள் எலும்பின் அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதுக்காரர்களோடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புத் தேய்வு நோய். அப்புறம் உயரத்தையும் அளந்து பாருங்கள், இளவயதில் இருந்ததைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பு வலியே காட்டாமல் நொறுங்கியிருக்கலாம்.

கால்சியம் விஷயத்தில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1200 மில்லிகிராம் தேவை. முடிந்தவரை அதைச் சாப்பாட்டிலேயே எடுத்துக்கொண்டு, குறைகிறதற்கு மட்டும் மாத்திரை போடுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

இதய டாக்டரிடம் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. எலும்பை வலுவாக்கும் ரோமோசோசுமாப் ஊசியை, கடந்த ஒரு வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குப் போடக் கூடாது. அதனால் எலும்பு டாக்டரிடம் போகும்போது இதய மாத்திரைச் சீட்டையும், இதய டாக்டரிடம் போகும்போது கை எக்ஸ்ரேயையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.