உணவு மாற்றுப் பொடியை எதில் கலப்பது? உணவியல் நிபுணரின் பதில்கள்

கேள்வி: எடை குறைய இரவு உணவுக்குப் பதில் பொடி குடிக்கிறேன். தண்ணீரா, பாலா?

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சில பொடிகள் தண்ணீரில் கலந்தாலே ஒரு வேளை உணவுக்கு ஈடாகும். சிலவற்றில் பாலின் புரதத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பார்கள். அவற்றைத் தண்ணீரில் குடித்தால் புரதம் குறைந்து, இரண்டு மணி நேரத்தில் பசி வந்துவிடும். 200 மில்லி சமன்படுத்திய பாலில் சுமார் 120 கலோரி, 6 கிராம் புரதம். அதே அளவு கொழுப்பு நிறைந்த ஆரஞ்சுப் பாக்கெட் பாலில் 175 கலோரியை நெருங்கும். தண்ணீரில் கலக்கச் சொன்ன பொடியை அந்தப் பாலில் தினமும் கலந்துவிட்டு எடை குறையவில்லை என்று வருந்துபவர்கள் பலர்.

கேள்வி: கொதிக்கும் வெந்நீரில் கலக்கலாமா?

வேண்டாம். வெளிப்புற மாவு உடனே வெந்து உறைபோல மூடிக்கொள்ள, உள்ளே பொடி கட்டியாக நின்றுவிடும். வைட்டமின் சியும் வீணாகும். வெதுவெதுப்பான நீரை முதலில் ஊற்றி, பிறகு பொடியைத் தூவிக் கலக்குங்கள்.

கேள்வி: இளநீரில் கலந்தால் சத்து கூடுமா?

புரதம் கூடாது, பொட்டாசியம்தான் கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: ஆரஞ்சுச் சாற்றில்?

பால் புரதம் புளிப்பில் திரியும். சர்க்கரையும் ஏறும். பழத்தைத் தனியாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பாலா, தண்ணீரா?

முதல் பதிலில் இருக்கிறது. டப்பாவைப் படியுங்கள்.

கேள்வி: வீட்டுச் சத்துமாவுக் கஞ்சி இருக்கும்போது இந்தப் பொடியே எதற்கு? ராகியில் இல்லாத கால்சியமா?

இதைக் கேட்டதற்கு மகிழ்ச்சி. சத்துமாவு நல்ல உணவு, நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஒரு டம்ளர் கஞ்சிக்கு நாம் போடுவதோ 30 கிராம் மாவு. அதில் கிடைப்பது நூறு மில்லிகிராம் கால்சியமும் இரண்டு கிராம் புரதமும்தான். ஒரு வேளை உணவை விட்டுவிட்டு அதை மட்டும் குடித்தால் தசை கரையும். முளைகட்டி அரைத்து, பயறும் நிலக்கடலையும் சேர்த்து, பாலில் காய்ச்சினால் நிலைமை மாறும்.

கேள்வி: எங்கள் தாத்தா கஞ்சி குடித்தே தொண்ணூறு வயது வாழ்ந்தார். அவருக்கு எந்தப் புரதக் கணக்கு?

கஞ்சியோடு துவையல், மோர், கருவாடு, மதியம் பருப்பு என்று அவர் சாப்பிட்டிருப்பாரே! அந்தத் தட்டு முழுவதையும் கொண்டுவாருங்கள். பொடியே வேண்டாம் என்று நானே சொல்வேன். தட்டை எடுத்துவிட்டுக் கஞ்சியை மட்டும் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்புகிறது. பாதாம் பால் போதுமா?

கடையில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பாலும் புரதம் மிகக் குறைவு. இனிப்பில்லாத சோயா பால் மேல். பொடியிலேயே லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறதா என்பதற்கும் டப்பாவைத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: தைராய்டு மாத்திரையைப் பாலில் கலந்த பொடியோடு விழுங்கலாமா?

கூடாது. கால்சியமும் இரும்பும் மருந்தை உடலில் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. நான்கு மணி நேரம் கழித்துப் பொடி.

கேள்வி: மூக்குக் குழாய் வழியாக அம்மாவுக்குக் கொடுக்கிறோம். எதில் கலப்பது?

இதை இங்கே தீர்மானிக்கக் கூடாது. சிகிச்சை தரும் மருத்துவமனையின் உணவியல் பிரிவை இன்றே கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை நீங்களாக எதையும் மாற்றாதீர்கள்.