நெல்லி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ராப்பர் நெல்லியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கே: முதல் ஆல்பமே அவ்வளவு பெரிய ஹிட். அதிர்ஷ்டம்தானே?

ப: இல்லவே இல்லை. 2000-இல் ராப் என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா. நெல்லியின் ஊரான செயின்ட் லூயிஸை யாரும் கணக்கில் வைத்ததில்லை. நெல்லி தன் ஊர்ப் பேச்சின் இழுவையை மறைக்காமல் அப்படியே பாட்டில் இறக்கினார். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான ‘கன்ட்ரி கிராமர்’ பல்லவியைக் கேளுங்கள். சிறுமிகள் எதிரெதிரே நின்று கைதட்டி விளையாடும்போது பாடுகிற ‘டவுன் டவுன் பேபி’யின் மெட்டு அது. அமெரிக்காவில் வளர்ந்த பலர் காதிலும் ஏற்கெனவே ஊறிக்கிடந்த மெட்டு. அதன் மேல் பாதி பாடி, பாதி பேசி வரிகளை ஓட்டுகிறார். வார்த்தை பிடிபடாதவர்கூட முணுமுணுத்துவிடலாம். அவருடைய பலமே இதுதான்.

கே: அந்த ஆல்பம் ஒரு கோடி சிடி விற்றதாமே?

ப: 2016-இல் டயமண்ட் சான்றிதழ் கிடைத்தது, அதாவது ஒரு கோடி யூனிட். அந்த ஆண்டிலிருந்து ஆல்பம் சான்றிதழில் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். யூனிட் வேறு, விற்ற சிடி வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கே: நெல்லியோடு ‘டைலமா’ பாடிய கெல்லி ரோலண்ட் அதன் வீடியோவில் எக்செலில் மெசேஜ் அடிக்கிறாரே?

ப: கையில் இருப்பது நோக்கியா கம்யூனிகேட்டர் போன். திரையில் தெரிவது விரிதாள்தான், ஆனால் எக்செல் அல்ல, அந்தப் போனின் சொந்தச் செயலி.

கே: கன்னத்தில் ஏன் பிளாஸ்திரி?

ப: சிறையில் இருந்த தன் குழு நண்பர் சிட்டி ஸ்பட்டை மறக்கவில்லை என்று காட்ட.

கே: எக்செலில் அனுப்பினால் பதில் எப்படி வரும்?

ப: அது வெறும் விரிதாள் என்று மேலே சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டில் கேட்க வேறு எவ்வளவோ இருக்கிறது. அடியில் ஓடுவது பாடகி பட்டி லாபெல் பாடிய பழைய பாட்டு. வீடியோவில் கெல்லியின் அம்மாவாக வருபவரும் அவரேதான். 2002-இல் நெல்லியின் ‘ஹாட் இன் ஹியர்’ அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் முதலிடத்தில் இருந்தபோது அதைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்தது இந்த ‘டைலமா’. தன் பாட்டைத் தானே இறக்கிய ஆள்!

கே: அவர் பாப் பாடகர். ராப்பர் என்பதே தவறு. (இதையே பலர் எழுதியிருக்கிறீர்கள்.)

ப: இந்தச் சண்டை அப்போதே நடந்தது. கேஆர்எஸ்-ஒன் போன்ற மூத்த ராப்பரே நெல்லியின் ஆல்பத்தைப் புறக்கணிக்கச் சொன்னார். நான் இதை ஏற்கவில்லை. மெட்டு சேர்ந்தால் ராப் கெட்டுவிடும் என்றால், இன்று பாடிக்கொண்டே ராப் செய்கிற அத்தனை பேரையும் வெளியே அனுப்ப வேண்டும். ‘ஈ.ஐ.’ பாட்டில் நெல்லி மூச்சு விடும் இடங்களைக் கவனியுங்கள்: தாளம் தெரியாதவரால் அப்படி வரிகளை வெட்ட முடியாது. நுணுக்கமான உவமை, ஆழமான கதை வேண்டுமென்றால் அவரிடம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வேறு புகார்.

கே: பிறகு ஏன் காணாமல் போனார்?

ப: 2006-இல் ‘கிரில்ஸ்’ முதலிடம். 2010-இல் ‘ஜஸ்ட் எ டிரீம்’ மூன்றாமிடம். 2013-இல் ஃபுளோரிடா ஜார்ஜியா லைன் என்ற கன்ட்ரி இசை இரட்டையரோடு பாடிய ‘குரூஸ்’ ரீமிக்ஸ் நான்காமிடம். கன்ட்ரி பாடகர் டிம் மெக்ராவுடன் 2004-லேயே பாடியவருக்குக் கன்ட்ரி இசை புதிதல்ல. ஆல்பங்கள்தான் பழையபடி எடுபடவில்லை.

கே: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்? அப்புறம் அந்த எக்செல்...

ப: ‘ரைட் வித் மீ’. சிட்டி ஸ்பட் வரும் பகுதியைத் தவறவிடாதீர்கள்; அந்தப் பாட்டு ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே இருந்தார். எக்செல் கேள்விகளுக்கு இனி பதில் இல்லை.