நெடுந்தூர லாரி: வருமானமும் வீட்டு நாள்களும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 24. கனரக வாகன உரிமம் பெற்றபின் ஓராண்டு காலம் மூத்த ஓட்டுநர் ஒருவருடன் மாற்று ஓட்டுநராகச் சென்று பழகினேன். இப்போது தனியாக வண்டி எடுக்க இரண்டு உரிமையாளர்கள் அழைக்கிறார்கள். இருவரும் நாமக்கல்காரர்கள். ஒருவருடைய வண்டி டில்லி லைனில் ஓடுகிறது. போய்வர 20 நாள் ஆகும் என்கிறார். ஒரு நடைக்கு, அதாவது ஒருமுறை போய்வர, சம்பளமும் பேட்டாவும் (வழிப்படி) சேர்த்து 30,000 ரூபாய். மற்றவருடைய வண்டி கேரளம், மங்களூர் பக்கம் ஓடுகிறது. 5 நாள் நடைக்கு 5,500 ரூபாய். குழந்தைக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. தங்கையின் திருமணக் கடனும் இருக்கிறது. எந்த வேலையை எடுப்பது? – ராசிபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: தம்பி, ஒரு நடைக்கு எவ்வளவு என்று இரு வேலைகளையும் ஒப்பிட்டால் 30,000 பெரிதாகவும் 5,500 சிறிதாகவும் தோன்றுவது இயல்பே. ஆனால் லாரி ஓட்டுநர் கணக்குப் பார்க்க வேண்டியது நடையை வைத்தன்று. வீட்டு வாசலைத் தாண்டிய நாள் முதல் திரும்பி வந்து சேரும் நாள் வரை எத்தனை நாள் என்பதை வைத்து. அந்தக் கணக்கில் நீங்கள் வண்டி ஓட்டிய நாள்கள் மட்டுமல்ல, லோடுக்காகக் காத்துக் கிடந்த நாள்களும் சேர வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து டில்லி ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். உடலைக் கெடுத்துக்கொள்ளாமல் நாளொன்றுக்கு 350 முதல் 400 கிலோமீட்டர் ஓட்டினால் போக ஆறேழு நாள், வர ஆறேழு நாள் ஆகும். சரக்கு ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஆகும் நேரமும், பகலில் கனரக வண்டிகளை நகருக்குள் விடாததால் புறவழிச்சாலையில் நிற்கும் நேரமும் இதற்கு மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிட்டர்ன் லோடு, அதாவது திரும்பும்போது ஏற்றிவரும் சரக்கு, உடனே கிடைத்தால்தான் உரிமையாளர் சொல்லும் 20 நாள் சாத்தியம். அது கிடைக்காமல், லாரிக்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் வாசலில் ஆறு நாள் நின்றால் அதே நடை 26 நாளாகிவிடும். தீபாவளிக்கும் பீகார்ப் பக்கத்துப் பண்டிகையான சாத் பூசைக்கும் சுமை தூக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடும் காலத்தில் வடக்கே இந்தக் காத்திருப்பு மேலும் நீளும். ஆகவே அந்த உரிமையாளரிடம் கேட்பதை விட, அவருடைய வண்டியை இதற்கு முன் ஓட்டியவரிடம் கடைசி மூன்று நடைகள் எத்தனை நாளாயின என்று கேளுங்கள்.

ஒரு கணக்குக்காக அதை 26 நாள் என்றே வைத்துக்கொள்வோம். வழியில் சாப்பாடு, குளியல், கைப்பேசிச் செலவு என நாளுக்கு 400 ரூபாய் உங்கள் கையிலிருந்து போனால் 10,400 கழிந்து 19,600 மிஞ்சும். பக்கத்து லைனில் நாளுக்கு 300 ரூபாய் செலவு என்றால் 5 நாள் நடையில் 4,000 மிஞ்சும். இப்போது 28 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். டில்லி வண்டியில் 26 நாள் வெளியே, 2 நாள் வீட்டில், கையில் 19,600. மங்களூர் வண்டியில் நான்கு நடைகள், ஒவ்வொன்றுக்கும் பின் 2 நாள் ஓய்வு. 8 நாள் வீட்டில், கையில் 16,000. வித்தியாசம் 3,600 ரூபாய். அதாவது, வீட்டில் கிடைக்கும் கூடுதலான 6 நாள்களுக்கு நீங்கள் நாளொன்றுக்கு 600 ரூபாய் விட்டுக்கொடுக்கிறீர்கள். உங்கள் ஊர்ச் செலவையும் உரிமையாளர்கள் சொல்லும் தொகையையும் இட்டு இந்தக் கணக்கை நீங்களே மீண்டும் போட்டுப் பாருங்கள். கணக்கை மனைவியிடமும் காட்டுங்கள். கடன் தவணைக்கு 16,000 போதும் என்றால், குழந்தை நான்கு மாதத்தில் இருக்கும்போது அந்த 600 ரூபாயைக் கொடுத்து ஒரு நாளை வாங்குவது நட்டமன்று என்பதே என் உறுதியான கருத்து. போதாது என்றால் டில்லி வண்டியை எடுங்கள். ஆனால் எத்தனை மாதத்திற்கு என்று இருவரும் சேர்ந்து முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் சாவியை வாங்குமுன் பேசித் தீர்க்க வேண்டியவை சில உண்டு. லோடு இல்லாமல் நிற்கும் நாளுக்குப் பேட்டா உண்டா? சரக்கு இறக்கத் தாமதமானால் வரும் ஹால்டிங் பணத்தில் ஓட்டுநருக்குப் பங்கு உண்டா? நடை முடிந்து வந்தால் எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம். அந்த நாள்களில் வேறு ஓட்டுநர் வண்டியை எடுப்பாரா, அல்லது வண்டி நிற்குமா? இந்தக் கடைசிக் கேள்வியே முக்கியமானது. மாற்று ஓட்டுநர் இல்லாத உரிமையாளரிடம் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு இழப்பு என்பதால், வாய்வார்த்தையாகத் தந்த விடுப்பு பெரும்பாலும் நிற்பதில்லை. இரண்டு வண்டிக்கு மூன்று ஓட்டுநர் வைத்திருப்பவரிடம் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் வீட்டு நாள் உறுதியாகக் கிடைக்கும். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எப்போது வருகிறது என்றும் கேட்டு வையுங்கள். முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அதற்காக வண்டி ஊர்ப் பட்டறையில் நிற்கும் காலம் உங்களுக்கும் வீட்டுக் காலமாகும். ஆயுத பூசைக்கு வண்டி ஊருக்கு வருமா என்பதையும் அப்போதே கேட்பதில் தவறில்லை.

சம்பளம் கணக்கிடப்படும் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாடகையில் சதவீதம் என்று பேசினால், இன்னும் ஒரு நடை அடித்துவிடலாம் என்று தூக்கத்தைத் தள்ளிப்போடச் சொல்வது உரிமையாளரல்லர், உங்கள் மனமேதான். மைலேஜ் காட்டினால் மிச்சமாகும் டீசலுக்குப் பணம் என்று பேசினால், இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு உருள விடும் ஆசை வரும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாயை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அங்கே பாரம் ஏற்றிய வண்டியை நியூட்ரலில் இறக்கினால் எஞ்சினின் பிடிமானம் போய்விடுகிறது. முழுச் சுமையையும் பிரேக் ஒன்றே தாங்கிச் சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போகிறது. சில லிட்டர் டீசலுக்காக அந்தச் சரிவில் உயிரை வைக்காதீர்கள். புதியவருக்கு மாதச் சம்பளமும் நாள் பேட்டாவும் என்ற ஏற்பாடே நல்லது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்ததோடு, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் கூறியது. அச்சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இணைக்கப்பட்டபோதும் 8 மணி நேர வரம்பு தொடர்கிறது. நடைமுறையில் இதைக் கடைப்பிடிப்போர் குறைவு என்பது வருத்தத்துக்குரிய உண்மை. ஆனால், “இ-வே பில் முடிந்துவிடும், விரட்டு” என்று எவராவது அவசரப்படுத்தினால் பதில் சொல்ல உங்களிடம் கணக்கு இருக்கிறது. இ-வே பில் என்பது சரக்குடன் செல்ல வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. 2021 முதல் அந்தச் சீட்டுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கெடு உள்ளது; டில்லிக்கு 12 நாள் வருகிறது. வண்டி பழுதானால், கெடு முடிவதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ முடிந்தபின் 8 மணி நேரத்துக்குள்ளோ அதை நீட்டிக்கவும் வழியுண்டு.

வேலையில் சேர்ந்தவுடன் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 இலட்சம் ரூபாய்க்கான பிரதமர் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது; முதல் நடைக்குமுன் அதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் மகாராட்டிரம், குஜராத் லைனில் ஓட்டுகிறார். மாதத்துக்கு மூன்று நாள்தான் வீட்டில் இருக்கிறார். அதிலும் முதல் நாள் முழுவதும் தூங்கிவிடுகிறார். இரண்டு வயது மகன் அவரிடம் போக மறுத்து அழுகிறான். இரவில் தொலைபேசியில் பேசினால் சண்டையில் முடிகிறது. – சங்ககிரியிலிருந்து ஒரு வாசகி.

பதில்: சகோதரி, அந்த முதல் நாள் தூக்கத்தை உங்களிடமிருந்து பறிக்கப்பட்ட நாளாக எண்ண வேண்டாம். வாரக்கணக்கில் வண்டிக்குள்ளேயே, பக்கத்தில் வண்டிகள் இரைய, டீசல் திருட்டுக்கு அஞ்சி அரைத்தூக்கம் தூங்கியவருக்கு அது உடல் கேட்கும் கடன். ரேஷன் அட்டைத் திருத்தம், கூட்டுறவு வங்கி, உறவினர் வீட்டு விசேஷம் ஆகியவற்றையெல்லாம் அவர் வரவுக்காகச் சேர்த்து வைக்காமல், உங்களால் முடிந்தவற்றை நீங்களே முடித்துவிடுங்கள். இரண்டாம் நாள் மகனுக்கென்று இருக்கட்டும். குழந்தை அழுதால் வற்புறுத்தித் தூக்க வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டவும், குளிப்பாட்டும்போது உடன் இருக்கவும் செய்தால் பையன் தானாகவே ஒட்டிக்கொள்வான்.

தொலைபேசிக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்; வண்டியை நிறுத்தி, சாப்பிட்டு முடித்தபின் அவரே அழைக்கட்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் மனிதரிடம், குறிப்பாக நள்ளிரவுக்குப் பின், மனம் நோகும் பேச்சு எதையும் தொடங்க வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. அதை அவர் ஊரில் இருக்கும் மூன்றாம் நாள் நேருக்கு நேர் பேசுங்கள். பணம் சண்டைக்குக் காரணமாக இருந்தால், வழிச்செலவுக்கான அட்வான்ஸ் மட்டும் அவர் கையிலும், சம்பளம் நேராக வங்கிக் கணக்கிலும் வருமாறு உரிமையாளரிடம் கேட்கலாம். இரண்டும் ஒரே பையில் கலந்தால் எது வீட்டுப் பணம் என்பதே தெரியாமல் போகும்.

மூன்று நாளை ஐந்து நாளாக்க முடியுமா என்பதையும் இருவரும் ஆராயுங்கள். நாமக்கல்லைச் சார்ந்து ஓடும் எரிவாயு டேங்கர் வண்டிகளுக்கு ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் முன்பே தெரிவதால் லோடு தேடி அலையும் நிலை குறைவு. அதற்கு அபாயகரமான சரக்குகளுக்கான பயிற்சியும் உரிமத்தில் அதற்குரிய பதிவும் தேவை.

கேள்வி: சொந்தமாக வண்டி வாங்கினால் நினைத்தபோது வீட்டுக்கு வரலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஓட்டுநராகி எட்டு மாதம்தான் ஆகிறது. வாங்கலாமா? – திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: இப்போது வேண்டாம். கடனில் வாங்கிய வண்டியின் தவணை, காப்பீடு, டயர், நேஷனல் பர்மிட் ஆகியவை நீங்கள் வீட்டில் இருக்கும் நாளிலும் ஓடிக்கொண்டே இருக்கும். உரிமையாளரிடம் இரண்டு நாள் விடுப்புக் கேட்க முடிந்த உங்களால் தவணையிடம் கேட்க முடியாது. வண்டி பழுதாகிப் பட்டறையில் நின்றாலும் இழப்பு உங்களுடையதே. எந்த ஊரில் எந்த மாதம் லோடு கிடைக்கும், எந்தப் புக்கிங் ஆபீஸில் வாடகை பாக்கி நிற்காது என்பவை உங்களுக்கே தெரிந்தபின், விலையில் பாதியையாவது கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை மீண்டும் எழுதுங்கள்.