உயர்த்திய ஜிம்னி: டேம்பர் வாங்குவதற்கு முன்

கேள்வி: 2005ஆம் ஆண்டு சுசுகி ஜிம்னி ஒன்றை வாங்கினேன். முந்தைய உரிமையாளர் இரண்டு அங்குலம் உயர்த்தி, 235/75 ஆர் 15 டயர் போட்டிருக்கிறார். வாகனம் நேராக ஓடாமல் அலைகிறது. வளைவு முடிந்தாலும் ஸ்டியரிங் தானாகத் திரும்புவதில்லை. 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் கையை உதறி எடுக்கிறது. கராஜில் ஸ்டியரிங் டேம்பரை (அதிர்வைத் தணிக்கும் சிறு ஷொக் எப்சோபர்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டேம்பர் உதறலை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். எங்கோ ஒரு மூட்டில் இருக்கும் தளர்வான ஆட்டம் அப்படியே இருக்கும், புது டேம்பரும் சீக்கிரம் களைத்துவிடும்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பிடியுங்கள். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதாக அசைக்கட்டும். நீங்கள் முன்பக்கம் குனிந்து பேன்ஹார்ட் ரொட்டின் (முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடிக்கும் தண்டு) இரு முனைகளையும் பாருங்கள். இந்த மாடலில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். முனையிலுள்ள ரப்பர் புஷ் நைந்திருக்கலாம், போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. சேசிஸில் அந்த ரொட் பொருந்தும் இடம் துருப்பிடித்திருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டுகளின் மூட்டுகளான டை ரொட் எண்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து கிங் பின் பெயாரிங், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சில்லு திரும்பும் அச்சாணியின் பெயாரிங். அச்சை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் சில்லு பெயாரிங், நிற்காவிட்டால் கிங் பின். மழைக்கால வெள்ளத்தில் ஓடிய வாகனங்களில் தண்ணீர் உள்ளே போய் இந்த பெயாரிங்குகள் துருப்பிடித்திருக்கும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய பேன்ஹார்ட் ரொட் வாங்குவது பரவாயில்லை, ஆனால் புஷ்ஷும் பெயாரிங்கும் புதிதாகவே வாங்குங்கள்.

அலைவதும் திரும்பாமல் இருப்பதும் வேறு கதை. ஜிம்னியின் முன் அச்சைப் பிடித்திருக்கும் கைகள் பின்னாலிருந்து முன்னோக்கி வருகின்றன. வாகனத்தை உயர்த்தினால் அச்சு சற்று முன்பக்கமாகக் கவிழும், காஸ்டர் கோணம் (சில்லு திரும்பும் அச்சாணியின் பின்சாய்வு) குறையும். சில்லைத் தானாக நேர்நிலைக்குக் கொண்டுவருவதே அந்தக் கோணம்தான். அலைன்மென்ட் கடையில் சரிப்படுத்தக்கூடியது டோ (முன் சில்லுகள் உள்ளோ வெளியோ பார்க்கும் அளவு) மட்டுமே. காஸ்டரை அளந்து தாளில் தருவார்கள், அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். குறைவாக இருந்தால், நடுவிலிருந்து துளை விலகிய காஸ்டர் புஷ் போடவேண்டும். திசை மாற்றிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், கராஜ் பாஸுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள்: ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சில்லு தொங்கும் நிலையில் இறுக்கக்கூடாது. வாகனம் தரையில் நின்று எடை ஏறிய பிறகே கடைசி இறுக்கம். இல்லாவிட்டால் புது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நின்று, சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரத்தில் பல கராஜ்களில் விட்டுப்போவது இதுதான்.

யாராவது ஸ்டியரிங் பெட்டியின் ஸ்குரூவை இறுக்கினால் சரியாகும் என்றால் சம்மதிக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு இன்னும் திரும்பாது. ஏற்கெனவே யாரோ இறுக்கியிருக்கவும் கூடும்.

உயர்த்தியபின் முன் அச்சு பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். டயர் விளிம்பிலிருந்து சேசிஸுக்கு இருபுறமும் அளந்தால் தெரியும். வித்தியாசம் அதிகமென்றால் நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ரொட் தேவை. டயர் சமநிலையையும் காற்றழுத்தத்தையும் பார்ப்பது மலிவு, அதை நாளைக்கே செய்யலாம்.

எல்லாம் சரியாகும் வரை தெற்கு அதிவேக நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள். வழியில் உதறல் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், எக்சிலரேட்டரை விட்டு மெதுவாக வேகத்தைக் குறையுங்கள்.

ஜக்கில் நிற்கும்போதே பிரேக் ஹோஸையும் (சில்லுக்கு பிரேக் எண்ணெய் போகும் குழாய்) பாருங்கள். அச்சு முழுதாகத் தொங்கும்போது அது விறைத்து நின்றால், நீளமான ஹோஸ் போடாமல் ஓட்டவே வேண்டாம்.