அறிவியலுக்கும் அரசியலுக்கும் ஊடகத்துக்கும் நடுவே ஒரு சமூகவியலாளருக்கு என்ன வேலை?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: அறிவியல், அரசியல், ஊடகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராயும் சமூகவியலாளர் உண்மையில் என்ன செய்கிறார்? அறிவியலை நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கும் துறையா இது?

கோலாலம்பூரில் இத்துறையில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருபவள் என்பதால் பதில் எழுதுகிறேன். ஓர் அறிவியல் கூற்று சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் பொறுப்பில் இல்லை. அதற்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. அந்தக் கூற்று ஆய்வுக்கூடத்திலிருந்து அமைச்சின் மேசைக்கும், அங்கிருந்து நாளிதழின் முதற்பக்கத்துக்கும், பிறகு ஒரு தோட்டத்து லயத்தின் வாசலுக்கும் வந்து சேர்வதற்குள் அதற்கு என்னவெல்லாம் நேர்கிறது, வழியில் யாருடைய பேச்சு காதில் விழுந்தது, யாருடைய பேச்சு விழவில்லை என்பதைத் தேடி எழுதுவதே எங்கள் வேலை. நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும்.

1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அந்த முடிவை முட்டாள்தனம் என்று சொல்ல நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். அந்நோய் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. அதன் வைரஸ் பன்றிகளின் உடலில் பெருகிக் கொசுவின் வழியாக மனிதரை அடைவது. நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருளும் காணப்பட்டது. ஆகவே கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது; இங்கு விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள், சீனப் பண்ணைக்காரர்களும் அவர்களிடம் கூலிக்கு இருந்த நம் தமிழர்களும். பண்ணைக்கு அருகிலேயே குடியிருந்து, அதே கொசுக்களிடம் கடிபட்ட மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை.

அப்போது என் சித்தப்பா நெகிரி செம்பிலானில் ஒரு பண்ணையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "கொசு ஆள் பார்த்தா கடிக்குது? பன்னி இருமுன மறுவாரமே ஆளு படுக்குறான்" என்று அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. வளர்ந்து இத்துறைக்கு வந்த பிறகுதான், நோய்ப்பரவலை ஆராய்பவர்கள் தேடும் சான்று அந்த இரண்டு வாக்கியங்களிலும் இருந்ததை உணர்ந்தேன். பன்றிகள் கடுமையாக இருமி இறப்பதைப் பண்ணைக்காரர்கள் தினமும் பார்த்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் வளர்ந்த பன்றிகள் அப்படி நோயுறுவதில்லை. அவர் சொன்னதை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இதற்கிடையே ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்திலிருந்து பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. ஆண்டு முடிவதற்குள் நோய் நெகிரி செம்பிலானில் உள்ள சிக்காமாட்டுக்கும், பிறகு புக்கிட் பெலாண்டோக்குக்கும் வந்துவிட்டது. கொசுதான் காரணம் என்றால் பன்றி வணிகத்தை நிறுத்த வேண்டிய அவசியம் தெரிவதில்லை என்பதை இங்கே கவனியுங்கள். நோயின் பெயர் ஒரு கொள்கையையும் தன்னோடு இழுத்து வருகிறது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியை வளர்த்தபோது, உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாவதைக் கண்டார். மாதிரிகளை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தாமே கொண்டு சென்றார். அது புதிய வைரஸ் என்றும், 1994-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா வைரஸின் உறவு என்றும் உறுதியாயிற்று. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

வைரஸ் ஆய்வாளர் இதைக் கண்டுபிடிப்பின் கதையாக எழுதுவார்; அது நியாயம். நான் கேட்கும் கேள்வி வேறு: ஒரு முடிவு அரசின் வாயிலிருந்து அறிவிப்பாக வந்த பிறகு, அதைத் திரும்பப் பெறுவதற்கான விலை ஏன் இவ்வளவு உயர்ந்துவிடுகிறது? ஆய்வுக்கூடத்தில் ஒரு கருதுகோளை மாற்றுவது அன்றாடம் நடப்பது. அதே மாற்றம் செய்தியாளர் கூட்டத்தில் நடந்தால் அது தோல்வி என்று எழுதப்படுகிறது. பன்றி வளர்ப்பு நம் நாட்டில் இனமும் சமயமும் வந்து கலக்கும் பொருளாகவும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளத் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து, ஒரே நாளின் மலாய், ஆங்கில, தமிழ் நாளிதழ்களை அருகருகே விரித்து வைத்துப் படிக்கிறோம். சீன நாளிதழ்களை உடன் பணிபுரியும் நண்பர் படித்துச் சொல்வார். எந்தச் செய்தி யாரை முதலில் பேச விடுகிறது, அமைச்சரையா, மருத்துவரையா, பண்ணைக்காரரையா என்று வரிவரியாகக் குறிக்கிறோம். பிறகு அந்தச் செய்திகளை எழுதியவர்களையும், அவற்றில் பெயர் வராதவர்களையும் தேடிச் சென்று பேசுகிறோம். பொறுமை வேண்டிய வேலை.

இத்துறையில் எல்லோரும் படிக்கும் ஓர் ஆய்வு இதே வகையைச் சேர்ந்தது. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் மழையோடு கதிரியக்க சீசியம் இறங்கியது. ஆடுகளை விற்பதற்கு மூன்று வாரம் தடை என்றார்கள். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு பிணைந்துவிடும் என்ற அறிவை வைத்துப் போட்ட கணக்கு அது. மலை நிலமோ அமிலத்தன்மை கொண்ட கரிய சதுப்பு மண், அதில் சீசியம் மீண்டும் மீண்டும் புல்லுக்குள் ஏறியது. கடைசிப் பண்ணைகளின் மீதான தடை நீங்கியது 2012-இல். பிரையன் வின் என்ற ஆய்வாளர் அந்த ஆட்டுக்காரர்களோடு பேசியபோது, மலையில் திரிந்து மேயும் ஆட்டை வேலிக்குள் அடைத்துச் சோதித்தால் அது மெலிந்துவிடும் என்று அவர்கள் முன்பே எச்சரித்ததும், அந்தச் சோதனை பிறகு கைவிடப்பட்டதும் தெரியவந்தன. பக்கத்திலேயே செல்லஃபீல்டு அணு நிலையம்; 1957-இல் அங்கு நடந்த தீ விபத்தை அவர்கள் மறந்திருக்கவில்லை. நிபுணர்களை அவர்கள் சந்தேகித்தது அறியாமையால் என்று சொல்லிவிட முடியாது. இதை முதன்முறை படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அண்டை நாட்டுக் காட்டுத் தீயால் நம் வானத்தை மூடும் புகைமூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997 செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐபியு 800-ஐத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பரில், புகைமூட்டத்தைப் பற்றி ஊடகங்களிடம் பேசக்கூடாது என்று பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு உத்தரவு வந்தது. 1999-இலிருந்து ஐபியு எண்களே மக்களுக்கு வெளியிடப்படவில்லை. சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள் என்ற அச்சம் காரணம். கருவிகள் அளந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஆண்டுகளில் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கத்தில் நின்று, இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் அம்மா, ஆஸ்துமா உள்ள என் தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் ஐபியு 500-ஐக் கடந்து அவசரநிலை அறிவிக்கப்பட்டபோதுதான் எண்கள் மீண்டும் வெளியே வந்தன.

ஊடகத்தின் பங்கு இதற்கு நேர்மாறாகவும் அமையலாம். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மாக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் இருவரும், அமெரிக்காவின் முன்னணி நாளிதழ்கள் 1988 முதல் 2002 வரை புவி வெப்பமடைதலைப் பற்றி எழுதியதை ஆராய்ந்தார்கள். இரு தரப்புக்கும் சம இடம் தரவேண்டும் என்ற நல்ல பத்திரிகை மரபே, அறிவியலாளர்களிடையே பெரும்பாலும் ஒத்துப்போன ஒரு முடிவைச் சரிபாதி சர்ச்சையாகக் காட்டிவிட்டது என்பது அவர்கள் கண்டது. செய்தியாளர்களைக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்குள் செய்தியை முடித்துத் தரவேண்டிய ஒருவர், அறிவியல் பின்னணி இல்லாமல், அழைத்தால் உடனே தொலைபேசியை எடுக்கும் நிபுணரை நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது. யார் தொலைபேசியை எடுக்கிறார்கள், யாருக்கு எடுக்க அனுமதி இல்லை என்பது நாங்கள் ஆராயவேண்டிய பொருள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இப்படியெல்லாம் எழுதினால் தடுப்பூசியை மறுப்பவர்களுக்கும் வெப்பமடைதலை மறுப்பவர்களுக்கும் ஆயுதம் கிடைத்துவிடாதா என்று என் மாணவர்களும் கேட்கிறார்கள். எங்கள் துறைக்குள்ளேயே நீண்டகாலமாக நடந்துவரும் விவாதம் இது. அந்தக் கவலையை நான் பொருட்படுத்துகிறேன். ஆனாலும் என் அனுபவத்தில் மக்கள் அறிவியலை வெறுத்து விலகிப் போவதை அரிதாகவே கண்டிருக்கிறேன். தங்களிடம் ஒரு முறை ஒன்றை மறைத்தவர்களின் வாயிலிருந்து அடுத்த முறை வரும் உண்மையையும் அவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். நிப்பாவில் தவறான முடிவைத் திருத்தியதும் அறிவியல்தான், அதை நான் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். அந்தத் திருத்தம் சில மாதங்கள் முன்பே வந்திருக்க முடியுமா, அதற்கு யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஆராய்வது அறிவியலுக்குப் பகையான செயல் ஆகாது.

இத்துறையில் சேர எண்ணினால் புள்ளியியலைத் தவிர்க்காதீர்கள். மலாயும் நன்றாக வரவேண்டும், முடிந்தால் கொஞ்சம் சீனமும். தொடங்குவதற்கு எங்கும் போக வேண்டாம். இன்று ஐபியு எண்கள் மணிக்கொரு முறை வெளியாகின்றன. கோலாலம்பூருக்கு பத்து மூடாவிலும் செராஸிலும் நிலையங்கள் இருக்கின்றன. நுரையீரலுக்குள் ஆழமாகச் செல்லும் மிக நுண்ணிய துகள்களான பிஎம் 2.5, ஐபியு கணக்கில் சேர்க்கப்பட்டது 2018-இல்தான். அதற்கு முன்பு 'மிதமானது' என்று அறிவிக்கப்பட்ட நாள்களில் நாம் எதைச் சுவாசித்தோம், அதைச் சேர்க்க யார் கேட்டார்கள், அன்றைய செய்தித்தாள்கள் அதைப் பற்றி என்ன எழுதின என்று தேடத் தொடங்குங்கள்.