குளிர்நீர்த் தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா? கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், எங்கள் வளாகத்தின் ஏசிக்கான குளிர்நீர்த் தொட்டியை இரவு முழுக்க சார்ஜ் செய்கிறோம், அதாவது குளிர்நீரால் நிரப்புகிறோம். மதியம் மூன்று மணிக்கே குளிர் தீர்ந்துவிடுகிறது. தொட்டி சின்னதோ?

தொட்டியைக் குறை சொல்லும் முன் ரிட்டர்ன் வெப்பநிலையை, அதாவது கட்டடங்களைக் குளிர்வித்துத் திரும்பும் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் நீர், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.16 கிலோவாட்-மணி குளிரைத்தான் சுமக்கும். 5 டிகிரியில் போய் 13இல் திரும்பினால் 9.3. 10லேயே திரும்பிவிட்டால் 5.8தான். அதே தொட்டி, அதே நீர், ஆனால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு! கோளாறு பெரும்பாலும் கட்டடங்களில் இருக்கும்: முழுசாக மூடாத வால்வு, அழுக்கேறிய காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்), யாரோ திறந்துவிட்டு மறந்த பைபாஸ் (காயிலுக்குள் போகாமல் நீர் திரும்பும் குறுக்குவழி). கட்டடவாரியாக ரிட்டர்னைப் பதியுங்கள். மொத்தத்தையும் கெடுப்பது ஒன்றிரண்டு கட்டடங்களாகவே இருக்கலாம்.

கேள்வி: தொட்டிக்குள் வெப்பநிலை சென்சார் எத்தனை வேண்டும்?

மேலிருந்து கீழ்வரை அரை மீட்டருக்கு ஒன்று வையுங்கள். மேலே வெப்ப நீர், கீழே குளிர்நீர், நடுவே இரண்டும் கலக்கும் அடுக்கு. இந்த அடுக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஒவ்வொரு சார்ஜிலும் தடித்துக்கொண்டே போனால், டிஃப்யூசர் (தொட்டிக்குள் நீரை மெதுவாகப் பரப்பிவிடும் அமைப்பு) வழியாக நீர் வேகமாகப் பாய்ந்து கலக்குகிறதா என்று பாருங்கள். இன்னொரு லாபமும் உண்டு. அடுக்கின் நடுப்பகுதி ஒரு சென்சாரிலிருந்து அடுத்ததைத் தொட ஒரு மணி நேரம் ஆகிறது, தொட்டியின் பரப்பு 200 சதுர மீட்டர் என்று வையுங்கள். அப்படியானால் ஓட்டம் மணிக்கு 100 கன மீட்டர். ஃப்ளோ மீட்டர் 120 காட்டினால், முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: சப்ளையை, அதாவது கட்டடங்களுக்குப் போகும் நீரை, 3 டிகிரிக்கு இறக்கினால் கூடுதல் குளிர் சேருமே?

வேண்டாம். நீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் உச்சம். அதைவிடக் குளிர்ந்த நீர் லேசாகி மேலேறும், அடுக்கு கலைந்துவிடும்.

கேள்வி: எங்கள் மாத அறிக்கையில் தொட்டியின் செயல்திறன் 104 சதவீதம். சந்தோஷப்படலாமா?

உள்ளே போனதைவிட அதிகமாக எதுவும் வெளியே வராது. சார்ஜ் செய்து தீர்க்கும் சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் தொட்டி ஒரே நிலையில் இருந்ததா? இல்லையென்றால் மிச்சமிருந்த குளிரும் கணக்கில் புகுந்திருக்கும். அது சரியென்றால் அப்புறம் சென்சார்தான். 8 டிகிரி வித்தியாசத்தில் 0.4 டிகிரி பிழையே 5 சதவீதத்தைத் தின்றுவிடும். சப்ளை, ரிட்டர்ன் சென்சார் இரண்டையும் கழற்றி ஒரே பனிக்கட்டி நீரில் முக்கி, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.