முனைவர் பட்ட ஆய்வு யாருக்காக? கேள்விகளும் பதில்களும்

நிலத்தடி நீரின் வேதியியலில் ஆய்வு செய்து, பின்னர் பல ஆண்டுகள் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்தபோது வந்த கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு, கேட்டவர் யார் என்பதை மட்டும் குறித்துள்ளேன்.

ஒரு தந்தை, திண்டுக்கல்: என் மகள் நான்கு ஆண்டுகளாகப் பிஎச்.டி. செய்கிறாள். என்ன தேர்வு, எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்கிறாள். இது படிப்பா, வேலையா?

தங்கள் மகள் சொல்வது உண்மை. முதுகலை வரை, கேள்விக்கான விடை யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்கும். மாணவர் அதை எட்டிவிட்டாரா என்று பார்க்கத்தான் தேர்வு. முனைவர் பட்ட ஆய்வில் கேள்வியையே மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடை நெறியாளருக்கும் தெரியாது. தொடக்கத்தில் ஆய்வு முறைகள் பற்றிய சில தாள்களுக்குத் தேர்வு உண்டு. அதற்குப் பிறகு மதிப்பெண் என்ற பேச்சே இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்று வரையறுக்கின்றன. ஆகவே நான்காம் ஆண்டு என்பதைத் தாமதமாக எண்ண வேண்டாம். முடிவில் ஆய்வேடு வெளி நிறுவனங்களைச் சேர்ந்த இரு தேர்வாளர்களுக்கேனும் அனுப்பப்படும். அவர்கள் ஏற்றால் பொது வாய்மொழித் தேர்வு நடக்கும். இதுவரை எவருக்கும் தெரியாத ஒன்று இதில் இருக்கிறதா, அதை மற்றவர்கள் சரிபார்க்கும்படி நிறுவியிருக்கிறாரா என்பதே அங்கே பார்க்கப்படும். அந்தப் புதியது பெரும்பாலும் மிகச் சிறியதாகவே இருக்கும். "இவ்வளவுதானா?" என்று வீட்டில் கேட்டுவிடாதீர்கள், அந்தக் கேள்வியை அவள் நள்ளிரவுகளில் தன்னிடமே போதுமான அளவு கேட்டிருப்பாள்.

ஓர் ஆய்வு மாணவர், சேலம்: என் தலைப்பு "கடினப்பாறை நீர்த்தாங்கிகளில் ஃபுளூரைடு செறிவின் புவிவேதியியல் காரணிகள்". தருமபுரிப் பக்கத்து ஊர்களில் நீர் மாதிரி எடுக்கும்போது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் "தண்ணீர் டெஸ்ட்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். ஐயா, வேறு எப்படிச் சொல்வது?

"தண்ணீர் டெஸ்ட்" என்று சொன்ன கணமே, குடிக்கலாமா கூடாதா என்ற முடிவைச் சொல்வதாக நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் ஆய்வு அதைத் தாண்டிய ஒன்றைக் கேட்கிறது. எனவே தலைப்பிலிருந்து தொடங்காமல், அந்த ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு புதிரிலிருந்து தொடங்குங்கள்: "இந்த ஊர்ப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது, அடுத்த ஊரில் அவ்வளவாக இல்லை. இரண்டு ஊருக்கும் ஒரே மழைதான். பிறகு ஏன் இப்படி?" இதைக் கேட்டபின் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

அடுத்து, உங்களுக்குத் தெரிந்ததை அவர்களின் கிணற்றை வைத்தே சொல்லலாம். அந்தப் பாறைகளில் உள்ள சில கனிமங்களில் ஃபுளூரைடு இருக்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி நெடுங்காலம் தங்கும்போது அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரில் அது இன்னும் அதிகமாகச் சேர்கிறது. ஆகவே அடுத்தடுத்த தோட்டங்களில் இருக்கும் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளின் நீர்கூட ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. நெடுநாள் அதைத் தாண்டிக் குடித்தால் முதலில் பற்களிலும், அளவு மிகுந்தால் எலும்புகளிலும் பாதிப்புத் தெரியும். கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று கட்டாயம் கேட்பார்கள். போகாது, நீர் ஆவியாகிக் குறையக் குறையச் செறிவு கூடத்தான் செய்யும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாலே நீங்கள் அந்த ஊருக்கு வந்ததற்குப் பயன் உண்டு.

பயனைச் சொல்லும்போது மட்டும் அளவாகப் பேசுங்கள். உங்கள் ஆய்வேடு குழாயில் நல்ல தண்ணீர் வரவழைக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு அரசின் முடிவும், ஜப்பானியக் கடனுதவியும், பல ஆண்டுப் பொறியியல் வேலையும் தேவைப்பட்டன. குழாய் எட்டாத இடத்தில் எந்தக் கிணற்றை மூட வேண்டும், புதிதாக எங்கே துளையிடலாம் என்று முடிவெடுப்பவர் கையில் உங்கள் வரைபடம் ஒரு கருவியாக இருக்கும். அதுவே போதுமான பயன். கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

என் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது நாற்பது கிணறுகளில் நீர் எடுத்தேன். ஓர் ஊருக்கும் திரும்பிச் சென்று முடிவைச் சொல்லவில்லை. அந்த எண்கள் என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தண்ணீரை இறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் அவை தெரியாது. நீங்கள் கிணறு வாரியாக ஒரே ஒரு தாளில் முடிவுகளை எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒரு வணிகர், மதுரை: எங்கள் வரிப்பணத்தில் உதவித்தொகை கொடுக்கிறார்கள். நாட்டுக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குக் காட்ட முடியுமா?

செலவுக் கணக்கைக் காட்டுவது எளிது. தேசியத் தகுதித் தேர்வு வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு, 2023 முதல் உள்ள வீதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு மாதம் 42,000 ரூபாய். ஐந்தாண்டுக்கு மொத்தம் 24 லட்சம்; வீட்டு வாடகைப்படி முதலியவை தனி. இந்தத் தொகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எந்த உதவித்தொகையும் இல்லாமல், கட்டணத்தையும் தாங்களே கட்டி, தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஆய்வு செய்பவர்கள் நம் மாநிலத்தில் ஏராளம்.

வரவுக் கணக்கு அவ்வாறு ஆண்டு முடிவில் எழுதக்கூடியதன்று. சென்னையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி. என். இராமச்சந்திரனும், அங்கே அவரிடம் ஆய்வு செய்த சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் உடலின் புரதங்கள் நீண்ட சங்கிலிகள். அவை மடிந்து உருவம் கொண்டால்தான் வேலை செய்யும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பலாம். அப்படித் திரும்பும்போது எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும், எவற்றில் மோதும் என்பதே அவர்களின் கேள்வி. கணினி எளிதில் கிடைக்காத காலத்தில் கணக்கிட்டு, இயலும் கோணங்களையும் இயலாத கோணங்களையும் ஒரு சதுரத்துக்குள் வரைந்து காட்டினார்கள். அதில் மருந்தும் இல்லை, காப்புரிமையும் இல்லை. அன்று தாங்கள் கிண்டியில் இருந்த அந்தத் துறைக்குப் போய் "இதனால் என்ன பயன்?" என்று கேட்டிருந்தால் நேரான பதில் கிடைத்திருக்காது.

இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்க எடுத்து வைக்கும் முதல் சோதனைகளில் ஒன்று அந்த இராமச்சந்திரன் வரைபடம். புரதத்தின் வடிவத்தைப் பார்த்து மருந்து வடிவமைப்பவர்கள் அனைவரும் அந்தச் சரிபார்ப்பின் மேல்தான் நிற்கிறார்கள்; கொரோனா நச்சுயிரியின் புரத வடிவங்களும் அந்தச் சோதனையைக் கடந்தே வெளிவந்தன.

சில சமயம் வரவு இன்னும் விரைவாக வரும். கனடாவைச் சேர்ந்த டோனா ஸ்ட்ரிக்லண்ட், அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, லேசர் துடிப்பை முதலில் நீட்டி, பின் வலுவேற்றி, அதன்பின் சுருக்கும் முறையைத் தம் நெறியாளர் ஜெரார் மூருவுடன் 1985இல் வெளியிட்டார். கண் பார்வையைத் திருத்தும் லேசர் அறுவைகளில் அது பயன்படுகிறது. இருவருக்கும் 2018இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் பத்து ஆய்வேடுகளில் எத்தனை இப்படிப் பலன் தரும் என்று கேட்டால், பெரும்பாலானவை தரா என்பதே நேர்மையான பதில். எது தரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் பரவலாக விதைக்க வேண்டியிருக்கிறது. அதோடு, ஆய்வேடு அலமாரியில் தூங்கினாலும் அதை எழுதியவர் தூங்குவதில்லை. ஒரு கூற்றுக்கு ஆதாரம் என்ன, அது எங்கே பிழையாகலாம் என்று ஐந்தாண்டு பழகிய ஒருவர் கல்லூரிக்கோ, மருந்து ஆலைக்கோ, குடிநீர் வாரியத்துக்கோ போகிறார். கணக்கில் எழுதப்படாத வரவு அது.

ஓர் இல்லத்தரசி, கோயம்புத்தூர்: அறிவியல் சரி. சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்குவதால் யாருக்கு என்ன லாபம்?

லாபம் என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இலங்கை அறிஞர் க. கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில், சங்க வீரயுகப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆய்வு செய்தார். இவை பாணர்கள் வாய்மொழியாகக் கட்டிய பாடல்களின் மரபைச் சேர்ந்தவை, திரும்பத் திரும்ப வரும் தொடர்களே அதற்குச் சான்று என்பது அவர் வாதம். பின்வந்த சிலர் அதை மறுத்தார்கள். பாணர் மரபைப் பின்பற்றி, கற்றறிந்த புலவர்கள் இயற்றியவை என்றார்கள். யார் சொல்வது சரியாக இருந்தாலும், புறநானூற்றை வெறும் பெருமையாகப் போற்றுவதிலிருந்து, அது எவ்வாறு உருவானது என்று ஆராய்வதை நோக்கிப் பேச்சு நகர்ந்தது. தம் பழமையைப் பற்றி ஆதாரத்தோடு வாதிடத் தெரிந்த சமூகத்தை எளிதில் ஏமாற்ற முடியாது. மாறாக, "இன்ன நூலில் உவமைகள்" என்று எண்ணிப் பட்டியலிட்டு முடிக்கும் ஆய்வேடுகளைப் பற்றித் தாங்கள் கேட்டிருந்தால், தங்களோடு நானும் சேர்ந்து கேட்டிருப்பேன்.

ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி: ஆய்வேட்டைப் பணம் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள் என்கிறார்களே?

நடக்கிறது. மறுப்பதற்கில்லை. பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்க 2018இல் மானியக் குழு விதி வகுத்தது: ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாகக் கடுமை கூடி, 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் இந்த ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் பிடிப்பது ஒத்த சொற்களை மட்டுமே. காசு வாங்கிக்கொண்டு புதிதாக எழுதிக் கொடுத்ததை அது பிடிக்காது. அதைப் பிடிக்க வாய்மொழித் தேர்வில் கூர்மையாகக் கேட்கும் ஒருவர் வேண்டும். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தொகுப்பில் பல லட்சம் இந்திய ஆய்வேடுகள் எவரும் படிக்கும்படி உள்ளன. உங்கள் ஊர் ஏரியைப் பற்றியோ தறியைப் பற்றியோ யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். படிக்க ஆள் உண்டு என்று தெரிந்தால் எழுதுபவருக்கும் ஓர் அச்சம் வரும்.

ஒரு பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்: 41 வயதில், பணியில் இருந்துகொண்டே சேரலாமா?

சேரலாம். பகுதிநேர ஆய்வுக்கு விதிகளில் இடம் உண்டு. தங்கள் நிர்வாகத்திடமிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதல் அவகாசமும் உண்டு. நெறியாளரை மட்டும் அவசரப்படாமல் தேர்ந்தெடுங்கள். அவரிடம் இப்போது பயிலும் மாணவர்களைத் தனியே பார்த்துப் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓர் ஆய்வு மாணவி, சென்னை: மூன்று நிமிடத்தில் ஆய்வை விளக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கினால் ஆய்வு மலிந்துவிடும் என்கிறார் என் நெறியாளர்.

அந்தப் போட்டி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2008இல் பிறந்தது. அப்போது அங்கே கடும் வறட்சி. குளியலை மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லி, குளியலறைச் சுவரில் மணற்கடிகாரம் ஒட்டி வைப்பது வழக்கமாக இருந்ததாம். குளிக்கப் போதுமானது ஆய்வைச் சொல்லவும் போதும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. தண்ணீர்க்காரனான எனக்கு இந்தக் கதையில் தனி மகிழ்ச்சி.

உங்கள் நெறியாளரின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆய்வு மலிவது சுருக்குவதாலன்று, மிகைப்படுத்துவதால். "எலியின் உயிரணுக்களில் இந்தச் சேர்மம் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது" என்பதை "புற்றுநோய்க்கு மருந்து" என்று மாற்றினால், கேட்பவர்களில் வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர் உங்களைத் தேடி வந்துவிடுவார். அவருக்குச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. மூன்று நிமிடத்தில் அரை நிமிடத்தை, உங்கள் ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதற்கு ஒதுக்குங்கள். பிறமொழிச் சொல் ஒன்று தவிர்க்க முடியாமல் வந்தால் வரட்டும். ஒரே மூச்சில் மூன்று வேண்டாம்.

ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், விழுப்புரம்: பொது வாய்மொழித் தேர்வு என்கிறீர்கள். என்னைப் போன்றவர்கள் உள்ளே வரலாமா?

தாராளமாக வரலாம். தேதியும் நேரமும் துறையின் அறிவிப்புப் பலகையில் இருக்கும். மாணவர் அரைமணி நேரம் போல விளக்குவார், தேர்வாளர் கேட்பார், பிறகு அவையினரைப் பார்த்து "வேறு கேள்விகள் உண்டா?" என்பார்கள். வழக்கமாக அங்கே அமைதி நிலவும். உறவினர்கள் பொன்னாடையோடும், நண்பர்கள் பூங்கொத்தோடும் காத்திருப்பார்கள், பின்வரிசையில் காராபூந்திப் பொட்டலங்கள் பிரியத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் கையை உயர்த்தி, "தம்பி, இதை எனக்குப் புரியும்படி ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.